வந்த ரயில் போகவில்லை

அத்தியாயம் 4

வந்திருந்த பெண் ஒரு தடவைகூட ‘அப்பா’ என்று சொல்லவில்லை. அரை மணி நேரமாக அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ‘அவர்’ என்பாள், ‘பெரியவர்’ என்பாள், கொஞ்சம் சூடேறினால் ‘மிஸ்டர் சீவரத்தினம்’ என்பாள். கிள்ளான் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த மார்க்கிரட்டுக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் முதலில் காதில் விழும். ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். எந்தச் சொல்லைத் தொடாமல் சுற்றிப் போகிறார் என்பதைக் கேட்பதற்குத்தான் அவளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை எடுத்து, ‘துப்பறியும் சேவை’ என்று சின்னதாக போர்டு மாட்டியிருந்தாள். காலை பத்து மணிக்கே கீழேயிருந்து ரசம் தாளிக்கும் வாசனை ஏறி வந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பசியோடு இறங்கிப் போவார்கள்.

பழைய வேலை அவளிடம் ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருந்தது. குற்றவாளி ‘நான்தான் வெட்டினேன்’ என்றால் இவளும் மலாயில் ‘நான்தான் வெட்டினேன்’ என்று சொல்ல வேண்டும். தாய் அழுதால் அழுகையை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுக்க வேண்டும். அப்படி எடுத்து எடுத்து, இப்போது யார் எதிரில் உட்கார்ந்து என்ன சொன்னாலும் மண்டைக்குள் மலாய் ஓடும், நெஞ்சுக்குள் ஒன்றும் ஓடாது. போன வருடம் கணவர் இறந்ததை டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான் மலாயில் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

எதிரில் இருந்த சுதர்சினிக்கும் அதே வியாதி என்று தோன்றியது. நாற்பத்து நான்கு வயது. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறாள்.

“அழுகை வரல ஆன்டி. அவர் செத்து இன்னிக்கு முப்பது நாள். சாப்பிடறேன், வேன் ஓட்டறேன், தூங்கறேன். ஒண்ணுமே இல்ல. பல்லு புடுங்க ஊசி போடுவாங்க இல்ல, அந்த மாதிரி இருக்கு.”

“செத்த வீட்டுக்குப் போனீங்களா?”

“போகல. வர வேண்டாம்னு அவரே வீடியோவுல பேசி வச்சிட்டுப் போயிருக்காராம். அண்ணன் ரஞ்சன் குடும்ப குரூப்புல போட்டாரு. நான் பாக்கல. அத்தை சொன்னாங்க, விரலைத் தூக்கி எச்சரிச்சிருக்காராம்.”

“ஏன் பார்க்கல?”

“பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன என் வீட்டுக்காரரை, லோரிக்காரன் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சொன்னாரு. இனி உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். முழிக்கல. தீபாவளிக்குத் தீபாவளி பணக் கவர் வரும். பிரிக்காமத் திருப்பி அனுப்பிடுவேன்.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “நாளைக்கு அந்தியேட்டிச் சடங்கு. முப்பத்தோராவது நாள். நான் கேக்கறது ஒண்ணுதான் ஆன்டி. அந்த வீடியோவுல அவர் நெசமாவே வர வேண்டாம்னு...”

சட்டென்று அவளுடைய ஆள்காட்டி விரல் மேலே போனது. வாய் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கொம்யூட்டர் ரயில் தடதடவென்று கடந்தது. கடைசிப் பெட்டியின் சத்தம் ஓயும் வரை அசையாமல் இருந்தாள். பிறகு விரலை இறக்கினாள்.

“...சொன்னாரா, இல்ல யாராச்சும் வேலை காட்டுனாங்களா? சொல்லியிருந்தா நான் நாளைக்கும் போக மாட்டேன், இனி எப்பவும் போக மாட்டேன். சொல்லலன்னா போவேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த குகன் வாயைத் திறந்தான். ஐம்பது வயது, கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான்காரன், இருபது வருடம் துறைமுக லோரி ஓட்டியவன். இப்போது மார்க்கிரட்டின் காரை ஓட்டுகிறான், மீதி நேரம் வாயை ஓட்டுகிறான். “என்னா சிஸ்டர், நடுவுல பிரேக் போட்டுட்டு மறுபடி அதே கியர்ல எடுக்கறீங்க?”

“பழக்கம் அண்ணே” என்றாள் சுதர்சினி. அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காக்கி நிற ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தாள். “அண்ணன் கூரியர்ல அனுப்பினாரு. என் வேன் பேப்பருங்க. அந்த வேனை வாங்கறப்போ பெரியவர்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டாரு, சண்டைக்கு முன்ன. உள்ள ஒரு துண்டு இருக்கு, எனக்குப் புரியல. மணியாச்சு, பிள்ளைங்களை எடுக்கணும். வீடியோவை உங்களுக்கு அனுப்பிட்டேன். நான் போனதும் பாருங்க.”

அவள் படியிறங்கும் ஓசை அடங்கிய பிறகு குகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வீடியோ பதினைந்து விநாடிதான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, எழுபத்தெட்டு வயதுக்கு நிமிர்ந்த முதுகு. ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க் என்று எழுதி ஒட்டாத குறை.

‘சுதர்சினியை ஒருத்தரும் கூப்பிட வேண்டாம்’ என்றார் பெரியவர், யாழ்ப்பாணத்து இழுவையில். ‘என்ர செத்த வீட்டுக்கு அவ வரவும் வேண்டாம்.’ விரல் மேலே போனது. கண்கள் பக்கவாட்டில் திரும்பின. அத்தோடு முடிந்தது.

“அவ்ளோதான்” என்றான் குகன். “வாயாலயும் சொல்லிட்டாரு, விரலாலயும் சொல்லிட்டாரு. இதுல நாம என்னத்தக் கிழிக்கறது? ஒருவேளை அண்ணங்காரன் எதையாச்சும் வெட்டியிருக்கணும். எனக்கு அந்த ரஞ்சன் மேல டவுட்டுதான், பேரைக் கேட்டதுமே.”

“பேரைக் கேட்டு டவுட் பட்டா, உன்னை நான் வேலைக்கே எடுத்திருக்க மாட்டேன்.” மார்க்கிரட் போனைக் கவிழ்த்து வைத்தாள். “படத்தை விட்டுடு. இப்போ கேளு.”

முகம் இல்லாமல் குரல் மட்டும் வந்தது. அதே இரண்டு வாக்கியம். அதன் பின்னால், இவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தவறிப்போன ஒன்று. எங்கோ தூரத்தில் ஒரு ஹாரன். தண்டவாளம் அதிரத் தொடங்கும் சத்தம். இரண்டு விநாடி. அப்புறம் ஒன்றும் இல்லை.

“ரயில்” என்றான் குகன்.

“ம். வந்த ரயில் போகலை, பார்த்தியா?”

குகன் தலையைச் சொறிந்தான்.

“இங்க பிரிக்பீல்ட்ஸ்ல தண்டவாளத்து ஓரமா இருக்கற பெரியவர் வீட்டுல ரயில் வந்தா பேச முடியாது. பேச்சை நிறுத்துவாங்க. ரயில் போனதும் விட்ட வார்த்தையில இருந்து எடுப்பாங்க. அந்தப் பொண்ணு இந்த நாற்காலியில உட்கார்ந்து அதைத்தானே செஞ்சா? அந்த வீட்டை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் விரல் தானாப் போகுது. அதே விரல்தான் இது. எச்சரிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ‘பொறுங்கோ, ரயில் போகட்டும்’னு அர்த்தம்.”

“அப்போ பெரியவர் இன்னும் பேசி முடிக்கல.”

“முடிக்கல. மீதி எங்கேயோ இருக்கு.”

அவள் ஃபைலைத் திறந்தாள். முதுகில் அழகான கையெழுத்தில் ‘வேன்’ என்று எழுதியிருந்தது. ஜாமீன் தாள், இன்சூரன்ஸ் தாள், 2011இல் வேனுக்குள் சிடி பிளேயர் பொருத்திய ரசீது. அந்த ரசீதோடு சேர்த்துப் புத்தம்புதிய துண்டு ஒன்று குத்தப்பட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றின் ரசீது. ‘வீடியோவிலிருந்து ஆடியோ சிடி, ஒன்று.’ தேதி, போன பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாவுக்கு மூன்று வாரம் முன்பு. அதன்மேல் இரண்டு நேர முத்திரை: காலை 10.20, மாலை 3.45.

“சிடி ரசீது வேன் ஃபைல்ல என்னா செய்யுது? வயசானவரு, மாத்திக் குத்திட்டாரு போல” என்றான் குகன்.

மார்க்கிரட் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. பாஸ்போர்ட் படம், போட்டோஸ்டாட், போன் கண்ணாடி மாற்றுவது, பழைய கேசட்டை எதில் வேண்டுமானாலும் ஏற்றித் தருவது என்று கதவு முழுக்க ஸ்டிக்கர். உள்ளே ரிஷி என்பவன் ஒரு போனின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், செலாயாங்கிலிருந்து தினமும் வந்து போகிறவன்.

“இன்னும் சிடி எல்லாம் கேக்கறாங்களா பாஸ்?” என்று குகன் ஆரம்பித்தான்.

“கேக்கறாங்க அண்ணே. கோயில் மைக் செட்டு, பழைய காரு. இந்த அங்கிளை நல்லா ஞாபகம் இருக்கு.” ரசீதைப் பார்த்ததும் ரிஷி சிரித்தான். “போனுல வீடியோ எடுத்துட்டு வந்தாரு. படம் வேண்டாம் தம்பி, குரல் மட்டும் போதும்னாரு. வீடியோவை உள்ள போட்டா சாப்ட்வேர் படத்தைக் கழட்டிட்டு சத்தத்தைத் தனியா எடுத்துக் குடுத்துடும். ஒம்பது நிமிஷ வீடியோ, ஒரு நிமிஷ வேலை.”

“ஒன்பது நிமிஷமா?” என்றாள் மார்க்கிரட்.

“ஒம்பதே கால் இருக்கும் ஆன்டி.”

பதினைந்து விநாடி போக மீதி ஒன்பது நிமிடம். மார்க்கிரட்டுக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். “என்ன பேசினார்னு கேட்டீங்களா?”

“ஐயோ, கேக்கறதே இல்ல ஆன்டி. கல்யாணம் வரும், சாவு வரும், புருசன் பொண்டாட்டி சண்டை வரும். எல்லாத்தையும் கேக்க ஆரம்பிச்சா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் லா.”

“ரெண்டு முத்திரை இருக்கே?”

“அது என் தப்புதான். காலையில எம்பித்ரீயா போட்டுக் குடுத்துட்டேன். மத்தியானத்துக்கு மேல வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்துட்டாரு. அந்தப் பிளேயர் இதைப் படிக்க மாட்டேங்குது தம்பி, பாட்டு சிடி எப்படி இருக்குமோ அப்படியே போட்டுக் குடுன்னாரு. பென்டிரைவ் வாங்கிக்குங்க அங்கிள், ஈசின்னு சொன்னேன். அதுல ஓட்டை இல்லைன்னுட்டாரு. சரின்னு பழைய முறையில ஆடியோ சிடியா எரிச்சுக் குடுத்தேன். அதை இங்க இருக்கற பிளேயர்ல போட்டு, முதல் வார்த்தையைக் கேட்டுட்டுத்தான் கிளம்பினாரு.”

“அவர் மகன் இங்கே வந்தாரா?”

ரிஷியின் சிரிப்பு குறைந்தது. “வந்தாரு. அங்கிள் செத்த அன்னிக்கு, ஆஸ்பத்திரியில இருந்து நேரா. முகமே சரியில்ல. அதே வீடியோ. தங்கச்சியப் பத்திச் சொல்ற இடத்தை மட்டும் வெட்டிக் குடு, குரூப்புல போடணும்னாரு. நான்தான் வெட்டினேன்.”

“எப்படி?”

அவன் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு கிழித்தான். குட்டையும் நெட்டையுமாகக் கொஞ்சக் கோடு, பிறகு தடித்த பட்டை. “ஸ்கிரீன்ல சத்தம் இப்படித்தான் தெரியும். இந்தக் கோடெல்லாம் பேச்சு. இந்தத் தடிப்பு ரயில். சரக்கு ரயில் போல, ஒரு நிமிஷத்துக்கு இதேதான், பேச்சே இல்ல. ஒரு மனுசன் ஒரு நிமிஷம் பேசலைன்னா முடிச்சிட்டாருன்னுதானே அர்த்தம்? அங்க வெட்டினேன். நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு” என்றான் குகன். “காது இருக்கற இடத்துல கண்ணை வச்சுப் பாத்திருக்கீங்க பாஸ், வேற ஒண்ணும் இல்ல.”

“முழு வீடியோ?”

“ஒரு வாரத்துல அழிச்சிடுவேன் ஆன்டி. இடம் பத்தாது.” ரிஷி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏதும் பிரச்சனையா?”

அவனுக்குப் பிரச்சனை இல்லை. அவன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறான். நீதிமன்றத்தில் மார்க்கிரட் பார்த்த பெரும்பாலான அழிவுகளும் இப்படி வேலையைச் சுத்தமாகச் செய்தவர்களால் வந்தவைதான். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

கார் நகரும்போதே ரஞ்சனுக்குப் போன் போட்டாள். குகன் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். அவனுக்கு இன்னும் ரஞ்சனை விட மனமில்லை.

“மிஸ்டர் ரஞ்சன், அந்த வீடியோவை முழுசா பார்த்தீங்களா?”

 “இல்லை. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து ஆரம்பிச்சேன். அப்பா முகத்தைப் பார்க்க முடியல. சுதர்சினி வர வேண்டாம்னு சொல்லி விரலைத் தூக்கினார், அங்கேயே நிறுத்திட்டேன். ஏன் கேக்கறீங்க?”

“அப்பாவோட போன் எங்கே?”

“எல்லாத்தையும் அழிச்சிட்டு அத்தை மகனுக்குக் குடுத்துட்டேன். எனக்கு வீட்டுல வச்சிருக்க முடியல.”

“நீங்களும் அந்த வீட்டுல வளர்ந்தவர்தானே. அவர் விரலைத் தூக்கும்போது பின்னால என்ன சத்தம்னு கேட்டீங்களா?”

 மறுமுனையில் ஏதோ ஒன்று அவருக்கு விளங்குவதை மார்க்கிரட்டால் கேட்க முடிந்தது.

“ரயில்” என்றார் ரஞ்சன் மெதுவாக. “கடவுளே. நான் முகத்தைத்தான் பார்த்தேன்.”

“வேற பிரதி ஏதாவது?”

“இல்லை. நாளைக்குச் சடங்கு மேடம். நான் சுதர்சினிகிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?”

“இப்போ ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்று போனை வைத்தாள்.

குகன் ஏமாற்றத்தோடு ஸ்டியரிங்கைத் தட்டினான். “போச்சு. கடைக்காரனும் நல்லவன், அண்ணங்காரனும் நல்லவன். இந்தக் கேசுல ஒரு கெட்டவன்கூட இல்லையா அக்கா? ஒரு நாளைக்கு இத்தனை நல்லவங்களைப் பாத்தா உடம்புக்கு ஆகாது. சரி, எங்க போறோம்?”

“கிள்ளானுக்கு. அவ பள்ளிக்கூடத்துக்கு.”

“அங்க என்னா இருக்கு?”

“சிடி.” மார்க்கிரட் ஃபைலை மடியில் விரித்தாள். “முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில ஃபைல் பார்த்தவர் குகன். மாத்திக் குத்த மாட்டார். சிடி ரசீதை வேன் ஃபைல்ல, அதுவும் சிடி பிளேயர் ரசீதோட சேர்த்துக் குத்தினார்னா, அந்த சிடி அந்தப் பிளேயருக்குத்தான். எம்பித்ரீ எடுக்காத பழைய பிளேயர். பென்டிரைவ் ஓட்டை இல்லாதது. 2011இல அவரே பொருத்தினது.”

“காலையில வாங்கினாரு, மத்தியானத்துக்கு மேல திரும்பி வந்தாரு” என்று குகன் கணக்குப் போட்டான். “கொம்யூட்டர்ல கிள்ளான் போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர ஒரு மணி நேரத்துக்கு மேல. போட்டுப் பாத்திருக்காரு, பாடல. திரும்பி வந்து மாத்தி வாங்கி, மறுபடியும் அதே நாள் கிள்ளானா? எழுபத்தெட்டு வயசுலயா?” அவன் குரலில் கேலி குறைந்துவிட்டது. “ஆனா அந்தம்மாவுக்குத் தெரியாம அவங்க வேனுக்குள்ள எப்படி?”

மார்க்கிரட் சுதர்சினிக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பள்ளி விடுமுறையில் அந்தச் செவ்வாய்க்கிழமை வேன் எங்கே இருந்தது?

“அன்னிக்கா? பட்டறையில ஆன்டி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்ன சரி பார்க்க விட்டிருந்தேன். பண்டமாரான்ல, குரு பட்டறை. ஏன்?”

“வந்து சொல்றேன்.”

“குருவா!” என்றான் குகன். “என் லோரியெல்லாம் அவன் கையிலதான் செத்துச்சு.” அடுத்த சிக்னலில் நின்றபோது அவனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஸ்பானர் சத்தத்துக்கு நடுவே பட்டறைக்காரன் குருவின் குரல் வந்தது.

“சீவரத்தினம் அங்கிளா? தெரியுமே. மாசா மாசம் போன் பண்ணுவாரு. வேன் எப்படி இருக்கு, பிரேக் நல்லாப் புடிக்குதா, டயர் மாத்தியாச்சான்னு கேப்பாரு. அக்காவப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. வேனை மட்டும்தான் கேப்பாரு. அன்னிக்கு ரெண்டு தடவை வந்தாரு. சிடியை அவரே பிளேயருக்குள்ள தள்ளிட்டு, நீ ஒண்ணும் சொல்லாதே, அவ ரேடியோவைத் திறந்தா தானாப் பாடும்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு. ஏன் அண்ணே, அக்கா இன்னும் கேக்கலையா?”

குகன் போனை வைத்தான். பெடரல் ஹைவேயில் சுபாங் தாண்டும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை. குகன் விஷயத்தில் அது ஒரு சாதனை.

*

பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்தில், ஒரு மழைமரத்து நிழலில் மஞ்சள் வேன் நின்றது. மணியடிக்க இருபது நிமிடம் இருந்தது. சுதர்சினி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ருசித்துத் தின்பதாகத் தெரியவில்லை. ஒரு வேலையை முடிப்பதாகத்தான் தெரிந்தது.

மார்க்கிரட் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். குகன் ஜன்னலோரம் நின்றான். பிளேயர்மேல் விரலால் எழுதலாம் போலத் தூசி படிந்திருந்தது.

“இதைக் கடைசியா எப்போ போட்டீங்க?”

“வீட்டுக்காரர் செத்துப் போனதுல இருந்து போடல ஆன்டி. நாலு வருஷம் இருக்கும். முன்னெல்லாம் பாட்டு இல்லாம வண்டியே நகராது. அது பெரியவருக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். “ஏன்?”

அந்த இடத்தில்தான் பெரியவர் தப்புக் கணக்குப் போட்டிருந்தார். மகளுடைய பிரேக்கைத் தெரிந்து வைத்திருந்தார், டயரைத் தெரிந்து வைத்திருந்தார். அவள் பாட்டை நிறுத்திவிட்டாள் என்பதை எந்தப் பட்டறைக்காரனும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அவளுடைய கைக்கு ஒரு முழம் தள்ளி, அந்தக் குரல் ஓட்டைக்குள் காத்துக்கொண்டிருந்தது.

மார்க்கிரட் சாவியைத் திருப்பச் சொன்னாள். பிளேயரின் ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒரு வெள்ளை வட்டு பாதி வெளியே வந்து நின்றது. ஃபைல் முதுகில் இருந்த அதே கையெழுத்தில், மார்க்கர் பேனாவால், ‘பிள்ளைக்கு’.

சுதர்சினியின் கையிலிருந்த ரொட்டி மடியில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

“இதுல முகம் இல்ல” என்றாள் மார்க்கிரட். “வீடியோவுல இருந்து முகத்தைக் கழட்டிட்டு உங்களுக்குன்னு குரலை மட்டும் எடுத்திருக்கார். நீங்க சொன்ன சொல்லு கெடாது. போடட்டுமா?”

அவள் தலையசைத்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது. மார்க்கிரட் வட்டை உள்ளே தள்ளினாள்.

முதலில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு பெரியவர். ரஞ்சனுக்கு, வீட்டுக்காரியங்கள், யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஐயரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாக. அலுவலகக் குறிப்பு வாசிக்கிற தொனி. நாலைந்து நிமிடம் அப்படியே போனது.

‘சுதர்சினியை ஒருத்தரும் கூப்பிட வேண்டாம். என்ர செத்த வீட்டுக்கு அவ வரவும் வேண்டாம்.’

சுதர்சினி ஆடாமல் அசையாமல் இருந்தாள். ஹாரன் கேட்டது. தண்டவாளம் அதிர்ந்தது. அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, மேலே எழுந்தது. ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது.

சரக்கு ரயில் வேனுக்குள் ஓடியது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.  கிள்ளான் சந்தில் நின்றுகொண்டு மூன்று பேரும் பிரிக்பீல்ட்ஸ் ரயில் போகக் காத்திருந்தார்கள். கடைசிச் சக்கரம் தேய்ந்து மறைந்தது. அவள் விரலை இறக்கினாள்.

‘என்ர முகத்தில முழிக்க மாட்டன் எண்டு பிள்ளை சொன்னது’ என்றார் பெரியவர். ‘சொன்ன சொல்லில நிக்கிற பிள்ளை. அது என்னைப் போல. நான் சொன்ன சொல்லுத்தான் பிழை. லோரிக்காரன் எண்டு சொன்னன். அந்தப் பெடியன் பிள்ளையை நல்லா வச்சிருந்தவன். அவன் போனபோது போய் நிக்கேல்ல, அது என்ர பிழை. செத்த வீட்டில ஆக்கள் பிடிச்சு இழுத்து, அப்பான்ர முகத்தைப் பார் எண்டு சொல்லுவினம். சொல்ல விடாதேங்கோ. அவவின்ர சொல்லு கெடக்கூடாது.’

இருமல். தண்ணீர் குடிக்கும் சத்தம்.

‘இனிச் சொல்லுறது பிள்ளைக்கு. எரிச்ச பிறகு எனக்கு முகம் இல்லை. படத்தையும் வைக்க வேண்டாம் எண்டு ரஞ்சனுக்குச் சொல்லுறன். முப்பத்தொண்டுக்கு வா. முகம் இல்லாத வீட்டுக்கு வரலாம்தானே? கத்தரிக்காய்ப் பால்கறி வச்சுக்கொண்டு வா. படையல்ல முதல் சோறு நீ போடு.’

அதற்குப் பிறகும் அவர் பேசினார். சுதர்சினி கையை நீட்டி நிறுத்தினாள். அழுகை வரவில்லை. முகம் காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தது.  போனை எடுத்து, பன்னிரண்டு வருடமாக அழைக்காத ஓர் எண்ணை அழைத்தாள். மறுமுனையில் ஒரே மணியில் எடுத்தார்கள்.

“அண்ணே, சுதா பேசறேன்.”  செருமிக்கொண்டாள். “நாளைக்கு நான் வரேன். முன்கூடத்துல இருக்கற படத்தை எடுத்து உள்ள வச்சிடுங்க. அப்பா சொல்லியிருக்காரு.”

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. போனை மடியில் கவிழ்த்துவிட்டு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்தாள். முப்பது நாளாக வராதது அப்போது வந்தது.

குகன் ஜன்னலைவிட்டு நகர்ந்து போய், மரத்தடியில் இல்லாத எதையோ தேடினான். மார்க்கிரட் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள், மண்டைக்குள் மலாய் ஓடவில்லை. பெரியவர் சொன்ன எதையும் அவள் மொழிபெயர்க்கவில்லை. தமிழில் கேட்டது தமிழிலேயே நெஞ்சில் இறங்கி, அங்கே வலித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பெண்ணின் முதுகில் கையை வைத்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. சுதர்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, மடியில் கிடந்த ரொட்டியைத் தட்டிவிட்டாள்.

“அண்ணே” என்று குகனைக் கூப்பிட்டாள். “பாசார்ல காய்கறிக்காரன் எத்தனை மணிக்கு மூடுவான்? கத்தரிக்காய் வாங்கணும்.”